சந்தேகம் என்று தள்ளிய தாள்கள்

"ஊரே சேர்ந்து பொய் சொல்லுது, வாத்தியாரம்மா."

வந்ததும் வராததுமாகத் தவசியப்பன் இதைத்தான் சொன்னார்.

சடையாயி களத்தில் உட்கார்ந்து கோதுமை புடைத்துக்கொண்டிருந்தாள். முன்பு வேளாண் ஆபீசில், வயலில் மாதிரிக்கு அறுத்து எடை போட்டு, அறுவடைத் தாளில் எழுதும் வேலையில் இருந்தவள். இரண்டு பேருக்கும் ஒரே வயசுதான். ஆனாலும் கதிரைக் கையில் ஏந்தி விளைச்சல் சொல்ல அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள். பெரிய ஆபீசரான பிறகும் வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார். அவள் கை பொய் சொல்லாது என்று போகிற இடமெல்லாம் சொல்லுவார்.

"எந்த ஊரு?"

"மேலப்பாறை. மழை இல்ல, ஏக்கருக்கு மூணு மூட்டைதான்னு அழுறாங்க. சாட்டிலைட் படத்துல பச்சைப் பசேல்னு தெரியுது. என் கம்ப்யூட்டர் பன்னெண்டு மூட்டைங்குது."

"பால் பிடிக்கிற நேரத்துல தண்ணி இல்லேன்னா பச்சை நின்னு என்ன பண்ணும்? பச்சையையா அரைச்சுத் திங்கிறது?"

அவர் சிரிக்கவில்லை. நாளைக்கு அறிக்கை போகணும். பன்னிரண்டு என்று போனால் மேலப்பாறைக்கு வறட்சி நிவாரணம் கிடையாது.

"அறுத்துப் பார்த்தீகளா, ஆபீசரே?"

"நானே போனேன். அஞ்சு இடத்துல கயிறு கட்டி அளவெடுத்து, அறுத்து, அடிச்சு, எடை போட்டேன். மூணுதான் வந்துச்சு."

"பிறகென்ன?"

"நல்ல கதிரை எல்லாம் முன்னாடியே உருவியிருப்பாங்க."

"நீங்க எங்க கயிறு கட்டுவீகன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

"அப்ப களவாணி நீங்கதான்."

முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். உமி பறந்து அவர் சட்டையில் அப்பியது.

"விளையாடாதீங்க."

"சரி. இவ்வளவு பச்சைக்கு இவ்வளவு மூட்டைன்னு அந்தக் கம்ப்யூட்டருக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?"

"நான்தான். இருபது வருஷத்து அறுவடைத் தாளையும் எடுத்து ஏத்தினேன்."

"அம்புட்டையுமா?"

"சந்தேகமா இருந்ததை மட்டும் தள்ளிட்டேன்."

"என்ன சந்தேகம்?"

"ரெண்டு மூட்டை, மூணு மூட்டைன்னு எழுதியிருந்துச்சு. பயிர் அப்படிப் பச்சையா நிக்கிறப்போ அவ்வளவு கம்மியாவா வரும்? எவனோ லஞ்சம் வாங்கிட்டு எழுதிக்கொடுத்திருக்கான்."

"எந்த வருஷத்துத் தாளு?"

"பெரிய வறட்சி வந்துச்சே, அந்த..."

சடையாயியின் கையில் முறம் நின்றது.

"கீழே கையெழுத்து யாருதுன்னு பார்த்தீகளா?"

"இல்ல. எடையை மட்டும்தான் பார்த்தேன்."

சடையாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் பையில் நீட்டிக்கொண்டிருந்த இந்த வருஷத்து அறுவடைத் தாளை உருவினாள். மேலப்பாறை, மூணு மூட்டை. கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இதுல இருக்கிற கையெழுத்து யாருது?"

"என்னுது."

"நீங்க தள்ளின தாளுல இருக்கிறது என்னுது."