சத்தமில்லாத இன்ஜின்

மில் முதலாளி திருவேங்கடத்துக்குத் தன் காதுமேல் அபார நம்பிக்கை. சம்பந்தி வீட்டாரோடு கோயிலுக்குக் கிளம்பியவர், உறுமிக்கொண்டிருந்த பழைய காரைப் பார்த்து முகம் சுளித்து, டிரைவர் சவரிமுத்துவைக் கூப்பிட்டார்.

"இன்ஜின் ஓடணும், ஆனா சத்தம் என் காதுல விழக்கூடாது. விழுந்தா நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம்."

சவரிமுத்து பானெட்டைத் திறந்து கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தினான். உறுமல் முனகலானது.

"இன்னும் கேக்குது" என்றார் முதலாளி.

இதற்குமேல் திருப்பினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். திருப்பினான்.

முதலாளி கண்ணை மூடித் தலையசைத்தார். "இதுதான் டியூனிங். கேட்டீங்களா சம்பந்தி, பஞ்சு மாதிரி ஓடுது."

"பிரமாதம்" என்றார் சம்பந்தி.

எல்லோரும் ஏறினார்கள். சவரிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான்.

"ஏம்ப்பா, வண்டிய எடுக்கலையா?"

"எடுக்கலாம் முதலாளி. ஆனா இன்ஜின் அப்பவே அணைஞ்சுபோச்சு. நீங்க ரசிச்சுக் கேட்டுக்கிட்டிருந்தீங்க, கெடுக்க மனசு வரல."

பின்சீட்டில் முதலாளியம்மாதான் முதலில் சிரித்தார். சம்பந்தியம்மாவும் சேர்ந்துகொள்ள, முதலாளியாலும் அடக்க முடியவில்லை.

சவரிமுத்து இறங்கிப்போய் ஸ்க்ரூவில் கைவைத்தான். "எவ்வளவு சத்தம் வைக்கட்டும் முதலாளி?"

"கோயில் போய்ச் சேர்ற அளவுக்கு வையப்பா."