சுவரில் மாட்டிய பாரிஸ்

கோணக்காட்டூர்க்காரர்களிடம் ஒரு வேலை சொன்னால் சொன்னது சொன்னபடி செய்து முடிப்பார்கள். அந்த ஊரைக் கெடுத்ததே அந்த நல்ல குணம்தான்.

அந்த ஊர் மயிலாத்தாள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு பெரிய கண்ணாடிச் சட்டம் தொங்கியது. உள்ளே படம் கிடையாது. படம் எடுக்க இனிமேல்தான் போகவேண்டும். உரக்கடைக் குலுக்கலில் அவள் புருஷன் சென்னியப்பனுக்கு ஐரோப்பா போய்வர விமான டிக்கெட்டுகள் விழுந்த அன்றைக்கே சட்டம் வாங்கி ஆணியும் அடித்துவிட்டாள்.

காரணம் அவள் நாத்தனார் தெய்வாத்தாள். சிங்கப்பூர் போய், தண்ணீர் கக்குகிற சிங்கத்தின் முன்னால் நின்று எடுத்த படத்தைத் தன் வீட்டில் மாட்டிவைத்திருந்தாள். யார் வந்தாலும் முதலில் சிங்கம், அப்புறம்தான் காப்பி. மயிலாத்தாள் மகனுக்குக் காதுகுத்து வருகிறது. சொந்தபந்தம் கூடுவதற்குள் இந்தச் சட்டத்தில் பாரிஸ் கோபுரம் ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் விருந்து முழுக்கச் சிங்கத்தின் பேச்சாகவே போய்விடும்.

தங்குவதும் தின்பதும் அவரவர் பாடு என்பதால், முதுகுப் பையோடு ஊர் ஊராகச் சுற்றினால் செலவு குறையும் என்றான் டவுனில் டிக்கெட் போட்டுக் கொடுத்த பையன். இரண்டு புத்தியும் சொல்லி அனுப்பினான். பையை முதுகிலிருந்து இறக்கவே கூடாது, களவு போய்விடும். பாஷை தெரியாவிட்டால் கூடப் பயணம் வருகிறவர்கள் என்ன செய்கிறார்களோ அதையே செய்ய வேண்டும்.

மயிலாத்தாள், சென்னியப்பன், அவள் தம்பி பொன்னுரங்கன், ஆளுக்கொரு காக்கிப் பை. இட்லிப் பாத்திரம் ஒன்றில், அரிசி ஒன்றில். மூன்றாவதில் அம்மிக்குழவி. அம்மி அங்கேயே கிடைக்கும் என்று அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

விமான நிலையத்தில் பையை இயந்திரத்துக்குள் அனுப்பச் சொன்னார்கள். பையை இறக்கக் கூடாதே என்று பொன்னுரங்கன் பையோடு தானும் ஓடும் பட்டையில் குப்புறப் படுத்துக்கொண்டான். பாதி உள்ளே போனவனைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். போலீஸ் இறக்கினால் அது களவில் சேராது என்று மூன்று பேரும் கூடிப் பேசி முடிவெடுத்தபிறகே விமானம் ஏறினார்கள்.

ரோமில் இறங்கிய பிறகும் மாட்டிய பை மாட்டியபடியே. ரயில் இருக்கையில் நுனியில் உட்கார்ந்தார்கள். விடுதிக் கட்டிலில் குப்புறப் படுத்தார்கள். மயிலாத்தாள் புரண்டு மல்லாந்துவிட்டால் கவிழ்ந்த ஆமைதான், குழவி அவள் பையில். நிமிர்த்தி விடுவதற்குள் சென்னியப்பனுக்கு மூச்சு வாங்கும்.

அந்த விடுதியில் பக்கத்துக் கட்டிலில் லூக்காஸ் என்று ஒரு ஜெர்மன்காரப் பையன். போனைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். கூடப் பயணம் வந்தவன் ஆயிற்றே, மூன்று பேரும் அழ ஆரம்பித்தார்கள்.

“என்ன சங்கதின்னு தெரியாம அழுவறது நல்லா இருக்குமாக்கா?” என்று பொன்னுரங்கன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்.

“எழவு வீட்டுல மட்டும் நீ தெரிஞ்சுக்கிட்டா அழுத? பேசாம அழுடா.”

“சத்தமாவா, மெதுவாவா புள்ள?” என்றான் சென்னியப்பன்.

“அவன் அழுவற மாதிரிங்க.”

ஒரு பெண் தன்னை விட்டுப் போய்விட்டாள் என்று லூக்காஸ் சாடையில் சொன்னான். பெற்ற தாய்கூட இப்படிக் கூட உட்கார்ந்து அழவில்லையாம். இறக்காத பையைப் பார்த்ததும் இது ஏதோ இந்தியத் தவம் என்று முடிவு கட்டிவிட்டான். அவனும் பையை இறக்கவில்லை. அவன் சொல்லி, விடுதியில் இருந்த மற்றப் பயணிகளும் இறக்கவில்லை. மனம் லேசாகிறது என்றார்கள். முதுகு என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் கூட்டம் இவர்கள் பின்னாலேயே வந்தது. சிக்கல் ரயில் நிலையத்தில் வந்தது. மயிலாத்தாள் வகையறா, கூட வந்தவர்கள் ஏறட்டும், ஏறலாம் என்று நின்றார்கள். அவர்கள் குருமார்கள் ஏறட்டும் என்று நின்றார்கள். பாரிஸ் ரயில் வந்தது, நின்றது, போயிற்று. அடுத்ததும் அப்படியே. கடைசியில் தரை கூட்ட வந்த அம்மாள் பொறுமையிழந்து எல்லாரையும் துடைப்பத்தாலேயே பெட்டிக்குள் தள்ளினாள். அந்தத் துடைப்பத்துக்கும் சிலர் கும்பிடு போட்டார்கள்.

கோபுரத்தடியில் மூவரும் நிற்க, லூக்காஸ் போனில் படம் எடுத்துக் காட்டினான். தலைக்கு மேலே எழும்பிய மூன்று காக்கிப் பை, அதற்கும் மேலே கோபுரத்தின் நுனி மட்டும், பையில் செருகிய அகப்பைக் காம்பு மாதிரி. “இதையா மாட்டறது?” என்றாள் மயிலாத்தாள்.

“பையை ஒரு நிமிசம் இறக்கி வெச்சா...” என்று இழுத்தான் சென்னியப்பன்.

“இத்தன ஊரு காப்பாத்துன பை மாமா. கடைசி ஊர்ல விடறதா?”

மயிலாத்தாள் யோசித்தாள். “பை கோபுரத்துப் பக்கம் இருக்கறதாலதான மறைக்குது? நாம திரும்பி நின்னுக்கலாம். பை இந்தப் பக்கம் வந்துரும்.”

திரும்பி நின்றார்கள். கோபுரம் அடியிலிருந்து நுனிவரை அப்படியே தெரிந்தது. மூவரும் பல்லைக் காட்டிச் சிரித்தார்கள். லூக்காஸ் எடுத்தான். யோசனை சரியாக இருந்ததால் படத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே வரவில்லை.

காதுகுத்தன்று சட்டத்தில் படம் ஏறியிருந்தது. தெய்வாத்தாள் கிட்டே போனாள், எட்ட வந்தாள். சொந்தபந்தம் சுற்றி நின்றது.

“மூணு பை தெரியுது. நீங்க எங்க மயிலா?”

“பைக்கு அந்தப் பக்கம்தான் அண்ணி. சிரிச்சுக்கிட்டு நிக்கறோம்.”

“அந்தப் பக்கத்த எப்படிப் பாக்கறது?”

நியாயமான கேள்விதான். படத்துக்கு அந்தப் பக்கம் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. தாய்மாமன் பொன்னுரங்கன், மடியிலிருந்த குழந்தையைக் கீழே விட்டுவிட்டுக் கடப்பாரை எடுத்து வந்தான். சட்டத்துக்கு நேர் பின்னால் ஓட்டை விழுந்தது. தெய்வாத்தாள் சமையலறைக்குப் போய்க் கண்ணை வைத்துப் பார்த்தாள். சட்டத்தின் முதுகில் ஒட்டிய காக்கி அட்டை தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அட, இந்தப் பக்கமும் பையா? முன்னும் பின்னும் மாட்டிக்கிட்டா நின்னீங்க?” என்றாள். குரலில் முதல்முறையாக மரியாதை இருந்தது.

அன்றைக்கு விருந்தில் சிங்கத்தின் பேச்சே எழவில்லை. ஆனால் தெய்வாத்தாள் சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகக் கிளம்பினாள். போகிறபோது கடப்பாரையை இரவல் வாங்கிக்கொண்டாள். சிங்கப்பூர் போனபோது சிங்கத்தின் வாலைப் பார்க்க மறந்துவிட்டாளாம்.