பேசும் பெட்டியும் நாலு இலையும்

வேம்பாற்று நாட்டு ராஜா உதயமாறர் நல்ல மனுஷர். வாள் வீச்சில் சூரர், தீர்ப்புச் சொல்வதில் நேர்மையாளர். ஒரே ஒரு பலவீனம். 'இலவசம்' என்று காதில் விழுந்தால் போதும், முத்திரை மோதிரம் விரலிலிருந்து தானாகக் கழன்றுவிடும்.

அப்படித்தான் அந்தப் பேசும் பெட்டி அரண்மனைக்குள் வந்தது. துறைமுகத்தில் கடை விரித்திருந்த ஏழுலகச் சேவை நிறுவனத்தின் முகவர் வல்லபன் அதைக் கொண்டுவந்து வைத்தான்.

"மன்னா, இது மணி சொல்லும், மழை சொல்லும், மாமன்னர் புகழும் சொல்லும். முதல் மாதம் இலவசம். முத்திரை மட்டும் இங்கே வையுங்கள்."

ஒப்பந்த ஓலை நாற்பது முழ நீளம். மன்னர் படிக்கவில்லை. வேறு யார்தான் படித்திருக்கிறார்கள், சொல்லுங்கள்!

முதல் மாதம் பெட்டி தங்கமாகப் பேசியது. இரண்டாம் மாதம் விளம்பரம் ஆரம்பித்தது. ஒரு திருட்டு வழக்கில் மன்னர் எழுந்து நின்று, "இந்தக் குற்றவாளிக்கு நாம் விதிப்பது..." என்றார்.

"சிங்கமுகச் செக்கு நல்லெண்ணெய்!" என்றது பெட்டி. "தலைக்குத் தேய்த்தால் சூடு தணியும்!"

சபையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. திருடன் மட்டும் சிரித்தான்.

தூக்கிப்போட்டு உடைத்திருக்கலாம்தான். ஆனால் முறைப்படி ரத்து செய்யும்வரை பெட்டியைத் தொடக்கூடாது என்று ஓலையில் இருந்தது. அதன் கீழே ராஜமுத்திரையும் இருந்தது. சொன்ன சொல்லை மீறிய ராஜா என்று பேர் வாங்க அவருக்கு மனசில்லை.

அன்றைக்குப் பார்த்துத்தான், சபையில் வாய்ச்சாலகர் என்று பேரெடுத்த ஆவுடையப்பர் விடுப்புக் கேட்டு வந்து நின்றார். மகள் வடிவுக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அன்று திங்கள். சம்பந்தி ஊருக்கு வண்டியில் இரண்டு நாள் ஆகும்.

"இந்தப் பெட்டி வாயை மூடினால் நீர் போகலாம்," என்றார் மன்னர். "இல்லாவிட்டால் வளையலை மட்டும் யாரிடமாவது கொடுத்து அனுப்பும்."

வடிவு தாயில்லாத பெண். பிறந்த வீட்டிலிருந்து போய் நிற்க ஆவுடையப்பரை விட்டால் ஆளில்லை. அப்பா வராத வளைகாப்பில் அந்தப் பெண் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அவரால் முடியவில்லை.

நேரே நிறுவனத்துக்கு ஓடினார். முதல் சாளரத்தில் இரண்டாவதுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாவதில் முதலாவதுக்குப் போகச் சொன்னார்கள். பிறகு உட்காரவைத்து வீணை வாசித்தார்கள். "தங்கள் காத்திருப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒருவன் அடிக்கடி வந்து சொல்லிவிட்டுப் போனான். கடைசியில் வல்லபன் வந்தான்.

"உறுதியாகத்தான் ரத்து செய்கிறீர்களா? பெட்டி மனம் வருந்துமே!"

காரணம் கேட்டான். சலுகை சொன்னான். பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். பொழுது சாயும்போது ஆவுடையப்பர் வெளியே வந்தார். ரத்து செய்யப் போன மனுஷர் கையில் இரண்டாவதாக ஒரு பெட்டி இருந்தது. அவர் பேரிலேயே. இதில் முதல் நாளிலிருந்தே விளம்பரம் வருமாம், அதனால் முழுக்க இலவசமாம்.

வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தார். அரண்மனைக்குள் நுழைந்ததும் மன்னரிடம், "நாளை மதியம் அந்த முகவருக்கு ஒரு விருந்து வைக்கணும், மன்னா," என்றார்.

"எனக்கு அவனை உதைக்கணும் போல இருக்கிறது. நீர் விருந்து என்கிறீர்!"

"இலை போட்டால் போதும், மன்னா."

மறுநாள் வல்லபன் பட்டுடுத்தி வந்தான். வாசலில் ஒரு கேள்வி கிடையாது. ஒரு கும்பிடு, உடனே உள்ளே. பதினாறு கறி, மூன்று பாயசம். ஏப்பம் விட்டு எழுந்தவன் வந்த வழியே நடந்தான்.

"இது நுழைகிற வாசல், ஐயா," என்றான் காவலன். "வெளியே போகிற வாசல் வேறே."

"எங்கே?"

"இருக்கிறது. தேடினால் கிடைக்கும்."

தேடினான். மடைப்பள்ளிக்குப் பின்னால், விறகு அடுக்குக்கு மறைவில், குனிந்து போகிற மாதிரி ஒரு சின்னக் கதவு. அங்கே ஆவுடையப்பர் ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருந்தார்.

"உறுதியாகத்தான் போகிறீர்களா? சமையற்காரர் மனம் வருந்துவாரே!"

"உறுதியாகத்தான்."

"காரணம்? குழம்பில் ஏதும் குறையா?"

"ஐயோ, எல்லாம் அமிர்தம்!"

"குறையே இல்லாதவர் ஏன் போகணும்? இவருக்கு இன்னொரு இலை போடுங்கப்பா!"

இரண்டாம் இலையை முடித்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். இந்த முறை நாதசுரம் வாசித்தார்கள்.

"வரிசையில் தாங்கள் பதினோராவது," என்றார் ஆவுடையப்பர்.

"இங்கே வேறு ஆளே இல்லையே!"

"தங்கள் காத்திருப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்."

வெகுநேரம் கழித்து முறை வந்தது. வல்லபன் உஷாராகிவிட்டான். "குழம்பில் உப்புக் கம்மி. அதனால்தான் போகிறேன்," என்றான்.

"அடடா! குறையோடு விருந்தாளியை அனுப்பலாமா? உப்புப் போட்டு மூன்றாவது இலை!"

அதையும் விழுங்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். "ஆளை விடுங்கள் சாமி, போய் வருகிறேன்," என்று கைகூப்பினான்.

ஆவுடையப்பர் நிதானமாக எழுதிக்கொண்டார். "'வருகிறேன்' என்கிறார். திரும்பி வரப்போகிறவரை எதற்கு அனுப்பணும்? நாலாவது இலை."

இலை விழுந்தது. அதன்மேல் ஆவி பறக்கச் சோறு விழுந்தது. வல்லபன் அதையே பார்த்தான். பிறகு ஆவுடையப்பரைப் பார்த்தான்.

"ஐயா... இது எங்கள் நிறுவன முறை மாதிரியே இருக்கிறதே?"

"நேற்றுத்தான் கற்றுக்கொண்டேன். உங்களைப் போலப் பொறுமையாகச் சொல்லித்தர யாரால் முடியும்?"

வல்லபன் இலையைத் தள்ளி வைத்தான்.

"மன்னர் பெட்டியை ரத்து செய்ய என்ன செய்யணும்?" என்று கேட்டார் ஆவுடையப்பர்.

"ஒரு வரி எழுதணும்."

"ஒரு வரிதானா?"

"ஒரு வரிதான்."

எழுத்தாணியை நீட்டினார். 'மன்னர் பெட்டி இன்றோடு ரத்து' என்று வல்லபன் எழுதினான். சபையிலிருந்த பெட்டி வாயை மூடியது. சின்னக் கதவு திறந்தது. அவனால் குனிய முடியவில்லை. இரண்டு காவலர்கள் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

தூணுக்குப் பின்னாலிருந்து மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி, "வடிவுக்கு என் சீர்!" என்று கொடுத்தார். கொடுத்த கையோடு அவருக்கும் குறும்பு தொற்றிக்கொண்டது.

"ஆமாம் ஆவுடையப்பரே, உறுதியாகத்தான் போகிறீரா? சபை மனம் வருந்துமே!"

"மன்னர் சித்தம். போகவில்லை," என்றார் ஆவுடையப்பர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். கக்கத்திலிருந்து எதையோ எடுத்து மன்னரின் காலடியில் பதமாக வைத்தார். "என் பேரில் இருக்கிற பெட்டியை இன்னும் ரத்து செய்யவில்லை. நான் ஊருக்குப் போனால் என்னோடு வரும். நான் இருந்தால் இதுவும் இங்கேயே..."

"சிங்கமுகச் செக்கு நல்லெண்ணெய்!" என்றது பெட்டி.

"காவலா!" என்று கத்தினார் மன்னர். "வண்டியைப் பூட்டு! இரண்டு வாசலையும் திற!"