கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை

கிணற்றில் மோட்டாரைப் பார்க்க இறங்கிய ராசகிளி தண்ணீரில் விழுந்துவிட்டார்; தூக்கும்போதே இதயம் நின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் மல்லுக்கட்டித் துடிக்க வைத்தார்கள். கண் மட்டும் திறக்கவில்லை.

தலை ஸ்கேனைப் பார்த்த டாக்டர் வன்னியராசு, 'மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு, தலையில் அடிபட்டிருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அது போதாதா? பெண்டாட்டி சேர்மக்கனிதான் அடித்துத் தள்ளினாள் என்று ராசகிளியின் அண்ணன்மார் கிளம்பிவிட்டார்கள். போலீஸ் சேர்மக்கனியை ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார வைத்தது. புருஷன் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை.

மறுநாள் காலை பேராசிரியர் எஸ்தர் படத்தைப் பார்த்தார். வன்னியராசுவைவிடப் பத்து வயது இளையவர். பதினைந்து வருஷம் கிராமத்தில் வைத்தியம் பார்த்துவிட்டு மேற்படிப்புக்கு வந்த வன்னியராசுவுக்கு, இந்தப் பெண்ணிடம் கைகட்டி நிற்பதே எரிச்சல்.

"இது ரத்தமில்லை" என்றார் எஸ்தர்.

வன்னியராசுவுக்குச் சுள்ளென்று வந்தது. வெள்ளையாகத் தெரிவதை வெள்ளை என்று எழுதாமல் வேறு என்ன எழுதுவதாம் என்று கேட்டார்.

எஸ்தர் டீக்கறை படிந்த தன் கைக்குட்டையை எடுத்து, மேஜைமேல் கிடந்த கறுப்பு எக்ஸ்ரே படத்தில் விரித்தார்.

"என்ன நிறம்?"

"வெள்ளை."

அதையே எடுத்து வன்னியராசுவின் வெள்ளைக் கோட்டுமேல் போட்டார். அழுக்குப் பழுப்பு.

"இப்ப அளந்து பாருங்க."

வன்னியராசு திரையில் அந்த வெள்ளையின்மேல் அளக்கும் புள்ளியை வைத்தார். ரத்தமாக இருந்தால் வரவேண்டிய அடர்த்தி எண்ணில் பாதிதான் வந்தது. மூச்சில்லாமல் மூளை முழுவதும் வீங்கி, படத்தில் கறுத்திருந்தது. அதனால்தான் ஓரமெல்லாம் வெளுப்பாகத் தெரிந்தது. பத்து விநாடி வேலை. 'இதயம் நின்று மீண்டவர்' என்று ஸ்கேன் சீட்டிலேயே எழுதியிருந்தது. அதை யார் படித்தார்கள்?

வன்னியராசுவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. பற்களைக் கடித்துக்கொண்டு ரிப்போர்ட்டை இழுத்து, திருத்துவதற்குப் பேனாவைத் திறந்தார்.

"நான் எங்க மேடம் தப்பு பண்ணேன்?"

"வெள்ளையை மட்டும் பார்த்தீங்க. பக்கத்துல செத்துக்கிட்டு இருந்ததைப் பார்க்கலை."

வன்னியராசு எழுதத் தொடங்கினார். எஸ்தர் பேனாவைப் பிடுங்கினார்.

"இதை நான் எழுதிக்கறேன். அந்த ஆள் சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டார். வாசலுக்குப் போய், ரத்தக்கசிவு இல்லைன்னு போலீஸ்கிட்ட உங்க வாயாலேயே சொல்லி, அந்தம்மாவை அவர் பக்கத்துல கொண்டுபோய் உட்கார வைங்க."