படமும் ஆளும்

கொன்றையூர் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. எங்கே என்று கேட்காதீர்கள். உள்ளே நுழைய அனுமதி வாங்குவதற்குள் உங்களுக்கு வயதாகிவிடும்.

அந்த ஊர் ராஜா வீரகேது, தனக்கு வெண்கொற்றக்குடை செய்ய ஆற்றுக்கு அக்கரை நாட்டிலிருந்து ஏகாம்பரம் என்ற குடைக்காரரை வரவழைத்தார். குடை பிரமாதமாக இருந்தது. "இங்கேயே இருந்துவிடும்" என்றார். ராஜா சொன்னால் போதுமா? நிரந்தரக் குடியோலை வேண்டுமே. அதைக் கொடுப்பவர் குடிப்பதிவு அதிகாரி ஆவுடையப்பர்.

ஏகாம்பரம் மனுப் போட்டார். நன்னடத்தைச் சான்று கேட்டார்கள், கொடுத்தார். அடுத்துக் கேட்ட வைத்தியர் சான்று வருவதற்குள் அது காலாவதியானது. அதைப் புதுப்பிப்பதற்குள் வைத்தியர் சான்று காலாவதியானது. ஓலை கிடைக்கும்வரை மனைவி அஞ்சலை உள்ளே வரக்கூடாது. இவர் வெளியே போனால் மனு ரத்து. இதற்கிடையில் அக்கரையில் மகள் பிறந்தாள், நடந்தாள், இப்போது பால்பல்லும் விழ ஆரம்பித்துவிட்டது. ஏகாம்பரம் இக்கரையில் நின்று ஒரு சிவப்புக் குடையை ஆட்டுவார். அக்கரையில் ஒரு சின்னக் கை ஆடும். அவ்வளவுதான் அப்பனும் மகளும். நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஒருவழியாக இரண்டு சான்றும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்த ஒரு நாளில், ஆவுடையப்பர் மனுவில் இருந்த படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"படத்தில் மீசை கறுப்பு. உமக்கு நரை."

"ஐயா, மனுப் போட்டபோது கறுப்புதான். காத்திருந்து காத்திருந்துதான் நரைத்தது."

"படமும் ஆளும் பொருந்தவில்லை. புதுப் படத்தோடு முதலிலிருந்து மனுப் போடும்."

ஏகாம்பரம் அரசவை விகடகவி மருதக்கூத்தனிடம் போய் அழுதார். "சாமி, மறுபடியும் முதலிலிருந்து என்றால் என் மகள் கல்யாணத்துக்கும் கரையில் நின்று குடையைத்தான் ஆட்டணும்!"

"நாளைக்குச் சபைக்கு வாரும். மீசைக்கு மை மட்டும் பூசிவிடாதீர்."

மறுநாள் சபையில் ராஜா உம்மென்று இருந்தார். அடுத்த வாரம் மாமியார் ஊர்த் திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று மகாராணி சொல்லியிருந்தார். வீரகேது போருக்கு அஞ்சாதவர். மாமியார் விஷயம் வேறு.

மருதக்கூத்தன் எழுந்தான். "மன்னா, நம் ஆவுடையப்பரின் கண்ணுக்கு எதுவும் தப்பாதாம். ஒரு சின்னச் சோதனை வைக்கலாமா?"

"வையேன்."

"அதிகாரியாரே, சிம்மாசனத்துக்கு மேலே தொங்கும் படத்தில் இருப்பவர் யார்?"

"இதென்ன கேள்வி! நம் மன்னர். முடிசூட்டு நாளில் வரைந்தது."

"நன்றாகப் பாரும். அவருக்குத் தோள்வரை சுருள்முடி."

சபை மொத்தமும் ராஜாவின் தலையைப் பார்த்தது. ராஜா கிரீடத்தைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவருக்கு இடுப்பும் இருக்கிறது."

ராஜா மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்தார். முடியவில்லை, விட்டுவிட்டார். "ஏனடா என் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறாய்?" என்று உறுமினார்.

"இழுக்க அங்கே என்ன இருக்கிறது, மன்னா? ஆவுடையப்பரே, படமும் ஆளும் பொருந்துகிறதா, இல்லையா? இல்லை என்றால் சிம்மாசனத்தில் இருப்பவர் யார்?"

ஆவுடையப்பருக்கு வியர்த்துக் கொட்டியது. "பொருந்துகிறது! நன்றாகப் பொருந்துகிறது! வருஷம் போனால் முடி போகும், தொப்பை வரும். அதற்காக ஆள் வேறு ஆளாகிவிடுவாரா?"

"சபாஷ்! ஏகாம்பரம், மீசையோடு முன்னால் வாரும்."

கதை முழுவதையும் கேட்ட ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "என் தலைக்குக் குடை செய்து கொடுத்தவர் இன்னும் வெளியூர்க்காரரா? இப்போதே முத்திரை வையும்!"

ஆவுடையப்பர் அங்கேயே முத்திரை வைத்தார். ஏகாம்பரம் ஓலையைப் பிடுங்கிக்கொண்டு, கும்பிடக்கூட மறந்து, சிவப்புக் குடையோடு படகுத்துறைக்கு ஓடினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் நிற்கவில்லை.

ராஜா தன் பட்டுச் சால்வையை மருதக்கூத்தனுக்குப் போர்த்தினார். பிறகு மேலே படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நாமும் புதுப் படம் ஒன்று வரைந்துகொள்ளலாமோ?"

"ஐயையோ, வேண்டாம் மன்னா! புதுப் படம் என்றால் புது மனு. அது முடியும்வரை தாங்கள் எல்லையைத் தாண்ட முடியாது."

"எங்கேயுமா?"

"மாமியார் ஊருக்குக்கூட."

ராஜாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "கூப்பிடு ஓவியனை! ஆவுடையப்பரே, என் மனுவை இன்றைக்கே வாங்கிக்கொள்ளும். உம் வழக்கப்படியே பாரும். அவசரமே இல்லை!"