சேலம் பக்கத்துலதான் இருக்கு

எங்க அக்கா ஜெயக்கொடிக்கு ஒத்தைப் பொண்ணு. தூத்துக்குடியை விட்டுத் தள்ளிக் குடுக்கவே மாட்டேன்னு ஒரே பிடிவாதம். ஓசூர் மாப்பிள்ளை, கோயம்புத்தூர் மாப்பிள்ளை எல்லாத்தையும் தூரம்னு சொல்லியே தட்டிவிட்டுட்டா. இப்போ வந்திருக்கது சேலத்துல மளிகைக் கடை வச்சிருக்க பையன். பொண்ணுக்கும் பிடிச்சுப்போச்சு. அக்காவைச் சரிக்கட்டணும்னு பையனோட தாய்மாமன் சித்திரைவேல் அண்ணாச்சி காலைலயே வந்து நடுவீட்டுல சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு.

"சேலம் என்ன தங்கச்சி சேலம். அடுத்த தெருன்னு நெனச்சுக்கோ. போன மாசம் இங்க வாகைக்குளம் ஏர்போர்ட்டுல பிளேன் ஏறுனேன். பெல்ட்டை மாட்டச் சொன்னாங்க. மாட்டிட்டு நிமிர்ந்தா, சேலம் வந்தாச்சு, கழட்டுங்கன்னுட்டாங்க."

"இங்கயிருந்து சேலத்துக்கு நேரா பிளேன் கிடையாதே அண்ணாச்சி" என்றேன் நான்.

"உங்களுக்குக் கிடையாது. எனக்கு உண்டு."

மனுசன் கண்ணு இமைக்கல. அக்கா முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வச்சா. ஒண்ணை எடுத்துக் கடிச்சுக்கிட்டே அண்ணாச்சி இன்னும் மேல ஏறினாரு.

"இங்க ஏறுறப்ப ஒரு தும்மல் போட்டேன் தங்கச்சி. சேலத்துல இறங்குனப்பறந்தான் பக்கத்து சீட்டுக்காரரு 'நூறாயுசு'ன்னாரு. அவரு ஒண்ணும் தாமதமா சொல்லல, பாத்துக்கோ. பிளேன் வேகம் அப்படி."

அக்கா வீட்டுக்காரரு எங்க மச்சானுக்குச் சிரிப்பு தாங்கல. "அப்போ கூட வந்தவங்க எல்லாம் தலைசுத்தி விழுந்திருப்பாங்களே?"

"அதுக்கு அவங்க வந்து சேரணும்லா. நான் முன் சீட்டு. இறங்கி வெளிய வந்து திரும்பிப் பாக்கேன், பின் சீட்டுக்காரங்க இன்னும் கோவில்பட்டியே தாண்டல."

"பிளேன் ஒண்ணுதான அண்ணாச்சி?"

"ஒண்ணுதான். நீளமான பிளேன்."

அக்கா மட்டும் சிரிக்கல. பொண்ணை நெனச்சா உடனே போயிப் பாக்க முடியுமான்னு அவளுக்குக் கவலை. அது அண்ணாச்சிக்கும் புரிஞ்சுபோச்சு. குரலைத் தணிச்சுக்கிட்டாரு.

"இன்னைக்கு வந்ததையே கேளேன். சேலத்துல எம்பொண்டாட்டி கையாட்டி வழியனுப்புனா. இங்க வந்து இறங்கிட்டேன். பாவம், அவ இன்னும் ஆட்டிக்கிட்டுத்தான இருப்பா, கை வலிக்குமேன்னு திரும்பப் போயி, போதும் இறக்குன்னு சொல்லிட்டு மறுபடி வந்தேன். அந்தா இந்தான்னு வர்ற தூரத்துக்குப் போயி யோசிக்கியே!"

அக்கா முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு அவருக்கு எதிர்ல உக்காந்தா.

"அப்போ சரி அண்ணாச்சி, எனக்குச் சம்மதம். கல்யாணத்துக்குப் பெறவு மாப்பிள்ளை எங்க வீட்டுலயே இருக்கட்டும். தினம் காலைல போயி கடையைத் திறந்துட்டு, ராத்திரி அடைச்சுட்டு வந்திரட்டும்."

அண்ணாச்சி மெல்லுறதை நிறுத்திட்டாரு.

"அதெப்படி தங்கச்சி முடியும்? சேலம் எங்க கிடக்கு, தூத்துக்குடி எங்க கிடக்கு? விடிய விடிய பஸ்ஸுல உக்காந்து வந்து, எனக்கே இன்னும் இடுப்பு நிமிரல."