ஜமீன்தார் எட்டிப் பார்த்த அடைக்கோழி

அந்த ஜமீன்தார் ஒரு குடிசையைக் கொளுத்துவேன் என்று சொன்னால், கொளுத்தாமல் சோறு தின்னமாட்டார். அவர் ஒருநாள் காலையில் கோழி பார்க்கிற குருவாயியிடம் சொன்னார்: "இந்தப் பெட்டை இன்னைக்கு அடையில உட்காரலேன்னா, பொழுது சாய உன் குடிசை இருக்காது."

குருவாயி இருட்டு மூலையில் தவிடு பரப்பினாள். பதினோரு முட்டை வைத்துக் கோழியை விட்டு, பஞ்சாரக் கூடையால் மூடினாள். கோழி உட்கார்ந்தது. ஜமீன்தார் வந்து கூடையைத் தூக்கிப் பார்த்தார். கோழி எழுந்துவிட்டது. நாலு தடவை வந்தார், நாலு தடவையும் எழுந்தது. ஐந்தாம் தடவை தீப்பந்தத்தோடு ஓர் ஆளும் வந்தான்.

குருவாயி கும்பிட்டாள். "சாமி, உங்க முன்னால யாரும் உட்காரக் கூடாதுன்னு உத்தரவு. கணக்குப்பிள்ளையே நின்னுதான் எழுதறாரு. கோழி மட்டும் உட்கார்ந்திருந்தா, மரியாதை கெட்டதுன்னு அறுத்துட மாட்டீங்களா?"

பந்தம் பிடித்தவன் இருமுவதுபோல வாயைப் பொத்தினான்.

ஜமீன்தார் கோழியையே பார்த்தார். "சரி, உட்காரச் சொல்லு."

"நீங்க போனாத்தான் சாமி உட்காரும். குஞ்சு பொரிக்கிற இருபத்தொரு நாளும் இந்தப் பக்கம் வராதீங்க."

அவர் போனார். கோழி உட்கார்ந்தது. அப்புறம்தான் குருவாயியும் உட்கார்ந்தாள்.